பிக்கப் வண்டிக்கு விக்கல்

"எங்கள் வீட்டில் மோட்டார் வண்டியே கிடையாது, இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வண்டி இல்லாத வீடு உண்டு. வண்டியை நம்பாத வீடு உண்டா? காலையில் வருகிற பால், மூலைக் கடைக்கு வருகிற காய்கறி, கல்யாணத்துக்கு வருகிற பட்சணம் எல்லாம் ஏதோ ஒரு பிக்கப் வண்டியின் முதுகில் ஏறித்தான் வருகின்றன. என் அக்காவின் விஷயத்திலோ, குடும்பமே அந்த முதுகில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அத்தான் காலமான பிறகு அக்கா மேற்கு மாம்பலத்தில் பட்சணத் தொழில் ஆரம்பித்தாள். ஆறு பெண்கள் முறுக்கும் அதிரசமும் தேன்குழலும் செய்கிறார்கள். அவற்றைக் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்க்க, பாங்கியில் கடன் வாங்கி ஒரு சின்ன பெட்ரோல் பிக்கப் வாங்கினாள். நாலு ஸிலிண்டர் என்ஜின். டிரைவர் ஸீட்டைத் தூக்கினால் அடியில் இருக்கும்.

2023-ம் வருஷம் ஆயுத பூஜை முடிந்து நாலாம் நாள், டிரைவர் வந்து தலையைச் சொறிந்தான். "அம்மா, வண்டி மிஸ்ஸிங் அடிக்குது. பாலம் ஏறும்போது பிக்கப்பே இல்லை."

பிக்கப் வண்டியில் பிக்கப் இல்லையென்றால் அப்புறம் என்னதான் இருக்கிறது? தீபாவளிக்குப் பதினாறு நாள்தான் பாக்கி. வருஷத்து வருமானத்தில் பெரும்பங்கு அந்தப் பதினாறு நாளில்தான் வரவேண்டும்.

'மிஸ்ஸிங்' என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பல்லக்கை நாலு பேர் தூக்கிப் போகிறார்கள். நடுவழியில் ஒருவன் அடிக்கடி தோளை நழுவவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லக்கு நகரும், ஆனால் உள்ளே இருப்பவருக்கு எலும்பு கழன்றுவிடும். அதேதான் இதுவும். ஒவ்வொரு ஸிலிண்டரும் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து, அழுத்தி, பொறி வைத்து எரித்து, புகையை வெளியே தள்ளுகிறது. என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒரு ஸிலிண்டர் விநாடிக்கு 25 தடவை எரிந்தாக வேண்டும்! அதில் சில தடவை எரியாமல் போனால் அதுதான் மிஸ்ஸிங். எரியாமல் போவதற்குக் காரணம் மூன்றே மூன்று இனம்தான். பொறி சரியில்லை, காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் சேரவில்லை, அல்லது அழுத்தம் நிற்காமல் கசிகிறது. அடுப்பு எரியாவிட்டால் தீக்குச்சியா, காஸா, பர்னரா என்று பார்க்கிறோம் அல்லவா?

ஆனால் அக்கா வண்டியை அனுப்பிய பெரிய ஒர்க்‌ஷாப்பில் அப்படிப் பார்க்கவில்லை. பெட்ரோல் பில்ட்டரை மாற்றினார்கள். இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தார்கள். "பெட்ரோலில் கலப்படம் இருக்கும், அம்மா" என்றார்கள். எச்சரிக்கை விளக்கை அணைத்து, ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்க்குப் பில் நீட்டினார்கள். விளக்கு அணைந்தது வாஸ்தவம். ஜுரம் வந்தவனின் தெர்மாமீட்டரை உதறி வைப்பது போல!

இரண்டாம் நாள் கோடம்பாக்கம் பாலத்தில், லட்டுத் தட்டுகளோடு ஏறும்போது வண்டி குலுங்கியது. "அம்மா, மஞ்சள் விளக்கு கண் சிமிட்டுது" என்று டிரைவர் போன் செய்தான்.

"சிமிட்டினால் சிமிட்டட்டும். முதலில் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்" என்றாள் அக்கா. அவள் நிலையில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்தால் "என்னைக் கவனி" என்று அர்த்தம். மெதுவாக ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம். விட்டு விட்டு எரிந்தால் "உடனே நிறுத்து" என்று அர்த்தம். ஏனென்றால் ஸிலிண்டரில் எரியாத பெட்ரோல் மாயமாய் மறைந்துவிடாது. புகைக் குழாய் வழியே போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் பற்றி எரியும். அதற்குள்ளே பீங்கானால் ஆன தேன்கூடு ஒன்று இருக்கிறது. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்களைப் பூசியிருக்கிறார்கள். அளவுக்கு மீறிய சூட்டில் அந்தக் கூடு உருகி அடைத்துக்கொள்ளும். பிளாட்டினம் பூசிய சாமான் என்றால் விலை எப்படி இருக்கும் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் அக்காவோடு நானும் போனேன். கோடம்பாக்கத்தில் ஒரு சந்து. அறுபதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவர். அவரிடம் ஸ்கேனர் இருந்தது. ஆனால் அதை அவர் உடனே எடுக்கவில்லை. அக்காவுக்கு ஸ்டூலைப் போட்டுவிட்டு, டாக்டரைப் போலக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"நிற்கும்போது குலுங்குதா, ஏறும்போது குலுங்குதா?"

"நிற்கும்போது ஒன்றுமில்லை. பாரம் ஏற்றிப் பாலம் ஏறினால்தான்."

இந்தக் கேள்வி லேசானதல்ல. நிற்கும்போது குலுங்கி, வேகம் எடுத்ததும் சரியாகிவிட்டால், எங்கேயோ ரப்பர் குழாய் விரிசல் விட்டுக் கணக்கில் வராத காற்று நுழைகிறதோ என்று பார்ப்பார்கள். பாரத்தில் குலுங்கினால் பொறியின்மேல் முதல் சந்தேகம். அடுத்தபடி பெட்ரோல் போதவில்லையோ என்று. பாரம் ஏறும்போது ஸிலிண்டருக்குள் நெருக்கம் ஜாஸ்தியாகிறது. அந்த நெருக்கத்தில் பொறி தாவுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து காயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உண்டாக்கித் தருகிறது. வழியில் ஓட்டை இருந்தால் அது சுலபமான வழியே ஓடிவிடும்.

"கடைசியா வண்டிக்கு என்ன செய்தீங்க?"

"ஒன்றும் செய்யவில்லையே. பூஜைக்குக் கழுவினோம், அவ்வளவுதான்."

"என்ஜினையுமா?"

டிரைவர் பெருமையோடு, "ஸீட்டைத் தூக்கிவிட்டு, பிரஷர் பம்பில் அடிச்சேன், ஐயா. பளபளன்னு ஆயிடுச்சு" என்றான். மேஸ்திரி சிரிக்கவில்லை. ஸ்கேனரை எடுத்தார்.

அதில் பி 0303 என்று எண் வந்தது. பி 0300 என்றால் எந்த ஸிலிண்டர் என்று திட்டமாகச் சொல்ல முடியாத மிஸ்ஸிங். 0301 முதல் 0304 வரை கடைசி இலக்கம் ஸிலிண்டரின் நம்பர். வண்டியின் கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரிகிறது? பல் வைத்த சக்கரம் ஒன்று என்ஜினோடு சுற்றுகிறது. எந்த ஸிலிண்டரின் முறை வரும்போது சக்கரம் ஒரு துளி தாமதிக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாலு பேர் கூடி உலக்கை போடும்போது யாருடைய கை தளர்ந்தது என்று பாட்டி சொல்லிவிடுவாளே, அந்த மாதிரி!

"பெட்டி வீட்டு நம்பரைத்தான் சொல்லும், அம்மா. திருடன் யாருன்னு சொல்லாது" என்றார் மேஸ்திரி. மூன்றாம் வீட்டில் காயில், பிளக், இன்ஜெக்டர், வால்வு என்று பலர் குடியிருக்கிறார்களே!

அவர் இளைஞராக இருந்த காலத்தில் என்ஜின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்களாம். எதைக் கழற்றினால் என்ஜின் சத்தம் மாறவில்லையோ, அந்த ஸிலிண்டர்தான் தூங்குகிறது. இந்தக் காலத்து வண்டியில் அப்படிச் செய்தால் ஷாக் அடிப்பதோடு, கன்வர்ட்டரும் கெடும். ஆகவே வேறு யுக்தி. என்ஜினை நிறுத்திவிட்டு, மூன்றாவது காயிலை இரண்டாவது இடத்திலும், இரண்டாவதை மூன்றாவது இடத்திலும் மாட்டினார். பழைய எண்ணை அழித்தார். டிரைவரை உட்கார வைத்துப் பாலத்துக்கு ஒரு நடை போய் வந்தார்.

இப்போது வந்த எண் பி 0302. கோளாறு காயிலோடு கூடவே வீடு மாறிவிட்டது! இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்ப் பில் அக்காவின் கைப்பையில் கனத்திருக்க வேண்டும்; அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது.

காயிலைக் கழற்றி, அடியிலுள்ள ரப்பர் உறையைப் பிளந்து காட்டினார். உள்ளே பென்ஸிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே கோடு. பிளக் உட்காரும் குழியின் ஓரத்தில் தண்ணீர் தேங்கிக் காய்ந்த கறை. பம்புத் தண்ணீர் குழியில் நின்றிருக்கிறது. மின்சாரம் ஸிலிண்டருக்குள் தாவாமல், பீங்கானின் வெளிப்புறமாக வழிந்து இரும்புக்கு ஓடியிருக்கிறது. ஓடிய தடம் கரியாகிவிட்டது. தண்ணீர் காய்ந்தாலும் கரித் தடம் போகாது. ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டால் எல்லாரும் அதிலேதானே நடப்பார்கள்? காயிலை மட்டும் மாற்றினால் பழைய பிளக்கின் கோடு புது உறையையும் கெடுக்கும் என்று இரண்டையும் மாற்றினார்.

கோளாறு இடம் மாறாமல் மூன்றிலேயே இருந்திருந்தால்? பிளக்கை மாற்றிப் பார்ப்பேன், பிறகு இன்ஜெக்டரை, கடைசியில்தான் அழுத்தமானியை எடுப்பேன் என்றார். அழுத்தம் குறைந்தால் பிளக் துவாரத்தில் ஒரு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பது வழக்கம். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் அநேகமாக வால்வு. அந்தச் செலவு வேறு தினுசு. அக்காவின் அதிர்ஷ்டம், அந்தப் பக்கம் போகவில்லை. ஸி.என்.ஜி. காஸில் ஓடும் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும். காஸுக்குப் பெட்ரோலைவிட வலுவான பொறி தேவை. பெட்ரோலில் ஒழுங்காக ஓடி, காஸில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் பிளக்கும் காயிலும் கிழடு தட்டிவிட்டன என்று சந்தேகப்படலாம்.

ரிப்பேருக்கு வண்டி விடும் சகோதரிகள் "எந்த ஸிலிண்டர்? எண் என்ன வந்தது? மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா? கழற்றிய சாமானைக் காட்டுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். மீசை முறுக்கிய மெக்கானிக்கும் உங்களை நிமிர்ந்து பார்ப்பார்.

கடைசியாக மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து, ஆறியிருந்த கன்வர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். உடைந்த துண்டு உருளும் கலகலப்பு இல்லை. "பிழைச்சுதுங்க" என்றபடி எழுந்தார். சாமான் விலையும் கூலியுமாக மூவாயிரத்துக்குள் முடிந்தது. அக்கா ஒரு டப்பா அதிரசத்தை அவர் கையில் திணித்தாள்.

தீபாவளிச் சரக்கு முழுவதும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2024 ஆயுத பூஜைக்கு முதல் நாள் டிரைவர் பம்பு வாடகைக்குப் பணம் கேட்டு வந்து நின்றான். அக்கா பழைய வேஷ்டி ஒன்றைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, அவன் கையில் கொடுத்தாள்.