நீரா இறக்க உரிமம் அவசியம்

தேங்காய் விலை சரியும்போதெல்லாம் தென்னை விவசாயிகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மரம் என்னுடையது, பாளையும் என்னுடையது. நீரா இறக்க எதற்கு உரிமம்?" என்பதே அது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் விடை தெரியாமல் பாளை சீவினால், வருமானத்திற்குப் பதில் வழக்குதான் மிஞ்சும்.

நீராவும் கள்ளும்

இரண்டும் ஒரே பாளையின் சாறுதான். புதிதாக வடியும் சாறு இனிப்பானது, போதையற்றது. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், சாற்றின் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. வெயில் ஏற ஏற நுரைத்து, சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். விடியற்காலை நீராவாக இருந்தது, கவனம் தவறினால் நண்பகலில் கள். ஆகவேதான் இதற்கும் உரிமம் கேட்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளது. கள் இறக்குவதும் விற்பதும் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். புளிக்காத நீராவை உரிமம் பெற்று இறக்க 2017-ல் அரசு விதிகள் வகுத்தது. தென்னை வளர்ச்சி வாரியத்தில் பதிவு பெற்ற உற்பத்தியாளர் கூட்டமைப்புகள், நிறுவனங்கள் வாயிலாக இதனைச் செய்ய வழி உண்டு. எனவே சிறு விவசாயிகள் முதலில் தங்கள் பகுதி உற்பத்தியாளர் சங்கத்தில் உறுப்பினராவது நல்லது. பின்னர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மதுவிலக்கு ஆயத்தீர்வைப் பிரிவை அணுகி, தற்போதைய நிபந்தனைகளையும் கட்டணத்தையும் கேட்டறிய வேண்டும். பட்டா, சிட்டா நகல், தோப்பின் சர்வே எண், பாளை சீவவிருக்கும் மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். உரிமம் கைக்கு வரும்வரை ஒரு பாளையைக்கூடச் சீவ வேண்டாம்.

புளிக்காமல் காக்க

கலயத்தை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். பழைய கலயத்தில் ஒட்டியுள்ள கசடே புதிய சாற்றுக்கு உறை மோர் போலாகிவிடும். காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், பனிக்கட்டி சூழ்ந்த பெட்டியில் சாற்றைச் சேகரிக்கும் முறையை உருவாக்கியுள்ளது. குளிர்ச்சியில் ஈஸ்ட் செயல்படாது. இறக்கிய சாற்றையும் குளிர் குறையாமலே சேகரிப்பு நிலையத்தில் சேர்க்க வேண்டும். நுரையும் புளிப்பு வாடையும் தோன்றிய சாற்றை நல்ல சாற்றுடன் கலக்கவே கூடாது.

கணக்குப் பார்த்து இறங்குங்கள்

சாறு வடிக்கும் பாளையில் காய் கிடைக்காது. இழக்கும் காயின் மதிப்பு, மரமேறியின் கூலி, பனிக்கட்டிச் செலவு ஆகிய மூன்றையும் கூட்டி, நீராவுக்குக் கிடைக்கும் விலையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பயிற்சி பெற்ற மரமேறியும், அன்றன்றே வாங்கிக்கொள்ளும் இடமும் உறுதியான பிறகே தொடங்குங்கள். முதலில் சில மரங்களோடு நிறுத்தி, லாபம் கண்ட பின் விரிவாக்குவதே சிறு விவசாயிகளுக்கு ஏற்ற வழியாகும்.