நேற்று ஓடிய ஸ்கேனர் இன்று ஏன் ஓடவில்லை?

சேலத்திலிருந்து பெங்களூரு போகும் லாரிக்குத் தொப்பூர் கணவாய் ஏற்றம் ஒரு பெரிய பரீட்சை. பாரத்தோடு ஏறும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து, பிக்கப் குறைந்துவிட்டால் ஓட்டுநருக்கு வயிறு கலங்கும். எப்படியாவது மேலே ஏற்றி, நல்லம்பள்ளி பக்கம் ஒரு பட்டறையில் வண்டியை ஒதுக்குவார். மெக்கானிக் சொல்லும் முதல் வார்த்தை, "ஸ்கேனர் போட்டுப் பாத்தாத்தாண்ணா தெரியும்."

கேபிளின் ஒரு முனை லாரியின் சாக்கெட்டில் செருகப்படும், மறுமுனை லேப்டாப்பின் யு.எஸ்.பி.யில். ஆனால் முந்தின நாள்வரை ஒழுங்காக ஓடிய மென்பொருள், 'போர்ட்டைத் திறக்க முடியவில்லை' என்று நின்றுவிடும். இடையில் நடந்தது ஒன்றுதான்: இரவில் லேப்டாப் அப்டேட் ஆகியிருக்கிறது. இந்தக் கோளாறு லாரியிலும் இல்லை, மெக்கானிக்கின் தொழில்திறனிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இயங்குதளத்தில் இருக்கிறது.

விளக்குக்குப் பின்னால்

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 மாசு விதி நடைமுறையில் இருக்கிறது. அதன் பிறகு வந்த டீசல் லாரிகள் பெரும்பாலானவற்றில் புகையைச் சுத்தம் செய்ய 32.5 சதவீத யூரியாக் கரைசல் பயன்படுகிறது. கரைசல் தரமில்லை என்றாலோ, அதை அளக்கும் சென்சார் கெட்டாலோ, இன்ஜினை ஆளும் கணினியான இ.சி.யூ. தானாகவே இழுவையைக் குறைத்துவிடும். எந்தக் காரணத்தால் குறைத்தது என்பதைக் குறியீடாகச் சேமித்தும் வைத்திருக்கும். அதைப் படிக்கும் வழிதான் டயக்னாஸ்டிக் போர்ட். பெரும்பாலும் 16 பின் சாக்கெட், சில கனரக வண்டிகளில் வட்டமான 9 பின் சாக்கெட். குறியீட்டைப் படிக்காமல் சென்சாரை மாற்றுவது இருட்டில் கல் எறிவது போல; செலவு மட்டும் நிச்சயம்.

போர்ட் என்றால் எது?

'போர்ட்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் சாக்கெட். இன்னொன்று, ப்ராசஸர் ஒரு கருவியோடு பேசுவதற்கான எண் முகவரி. பழைய கணினிகளில் 'காம் 1' எனும் சீரியல் போர்ட்டுக்கு 3எஃப்8 என்ற முகவரி. விண்டோஸ் 98 காலம்வரை, பரிசோதனை மென்பொருள் நேராக அந்த முகவரிக்கே எழுத முடிந்தது.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் பரவியபோது அந்தக் கதவு மூடியது. டிரைவர் என்ற இடைத்தரகு மென்பொருள் இல்லாமல் சாதாரண மென்பொருள் வன்பொருளைத் தொட முடியாது என்றானது. பின்னர் 64 பிட் விண்டோஸில், டிஜிட்டல் கையொப்பமில்லாத டிரைவரே உள்ளே வர முடியாமல் போனது. 2021-இல் வெளியான விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. இந்தக் கட்டுப்பாடுகள் வீணுக்கு வந்தவை அல்ல. நேரடி வழி திறந்திருந்தால் வைரஸும் அதே வழியாக நுழையும். ஆனால் பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு பழுது பார்ப்பவரையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

கேபிளுக்குள் இருக்கும் சிப்

இன்றைய லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் சீரியல் போர்ட்டே இல்லை. அதனால் பல ஸ்கேனர் கேபிள்களுக்குள் யு.எஸ்.பி.யைச் சீரியலாக மாற்றும் சிறு சிப் இருக்கிறது. சிக்கலில் பாதி அங்கேதான். ப்ரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 வகையில் பழைய சிப்புகளுக்குப் புதிய டிரைவர் ஆதரவு தருவதில்லை. 2012-இலேயே கைவிடப்பட்ட சிப் இது, விற்றவரைக் கேளுங்கள் என்ற அறிவிப்பு டிவைஸ் மேனேஜரிலேயே வந்து நிற்கும். 2014-இல் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்து, போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி அவற்றை முடக்கியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது திரும்பப் பெறப்பட்டது. போலி என்று தெரியாமல் கேபிள் வாங்கியவர்கள்தான் நஷ்டப்பட்டார்கள்.

லினக்ஸும் தப்பவில்லை

இப்படி மாட்டுவது விண்டோஸ் மட்டும் அல்ல. லாரியைப் போலவே கணினிக்குள்ளும் ஒரு டயக்னாஸ்டிக் போர்ட் இருக்கிறது, அதன் முகவரி 80. கணினி உயிர்பெறும்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அங்கே குறியீடாக எழுதிக்கொண்டே போகும். சர்வீஸ் கடைக்காரர் மதர்போர்டில் செருகும் சிறு அட்டையில் மின்னும் இரண்டு இலக்கங்கள் அந்தக் குறியீடுதான். மற்ற நேரங்களில் அந்த முகவரியை யாரும் பயன்படுத்துவதில்லை என்று நம்பி, லினக்ஸ் இயங்குதளம் அதற்கு எழுதுவதையே மிகச் சிறிய தாமதத்துக்கான உத்தியாக வைத்திருந்தது. 2007 வாக்கில் சில எச்.பி. லேப்டாப்புகள் அதனால் அப்படியே உறைந்து நின்றன. 2008-இல் வந்த 2.6.25 பதிப்பு வேறு போர்ட்டைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. வன்பொருள் செய்தவரும் இயங்குதளம் எழுதியவரும் ஆளுக்கொரு நம்பிக்கையோடு இருந்தால் நடுவில் மாட்டுவது பயனர்.

பட்டறையில் செய்யக்கூடியவை

முதலில் டிவைஸ் மேனேஜரில் 'போர்ட்ஸ்' பகுதியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் கோளாறு டிரைவரில். 'ரோல் பேக்' கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பலாம்.

போர்ட் எண்ணையும் கவனியுங்கள். பழைய மென்பொருள்கள் சில 1 முதல் 4 வரையே தேடும். போர்ட்டுக்கு விண்டோஸ் கொடுத்த எண் 12, 15 என்று இருந்தால் மேம்பட்ட அமைப்பில் மாற்றலாம்.

இணைப்பு கிடைத்தும் தகவல் அறுந்து அறுந்து வந்தால், எஃப்.டி.டி.ஐ. சிப்பில் 16 மில்லிநொடியாக இருக்கும் 'லேட்டன்சி டைமர்' அளவைக் குறைத்துப் பாருங்கள். பழைய இ.சி.யூ. பதிலுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்காது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்காக, ஸ்கேனருக்கென்று வைத்திருக்கும் பழைய லேப்டாப்பைத் தூக்கி எறிய வேண்டாம். இணையத்தோடு இணைக்காமல் அந்த ஒரு வேலைக்கு மட்டும் வையுங்கள். வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. எல்லாம் அதில் கூடாது. கண்ட தளங்களில் கிடைக்கும் டிரைவரையும் ஏற்ற வேண்டாம்.

இவை பட்டறை அளவிலான தீர்வுகள் மட்டுமே. அரசு அளவில், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. வாகனங்களும் வேளாண் கருவிகளும் அதன் நான்கு துறைகளில் அடங்கும். ஆனால் இணையதளம் மட்டும் போதாது. வண்டி ஓடும் காலம் முழுவதும் அதன் குறியீட்டைப் படிக்கும் மென்பொருளும் டிரைவரும் நடப்பிலுள்ள இயங்குதளத்தில் ஓட வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் கடமையாக்க வேண்டும். விபத்துக்குப் பெயர்போன தொப்பூர் சாலையில் இழுவை இழந்து நிற்கும் லாரி, பின்னால் வரும் எல்லோருக்கும் ஆபத்து. அந்த லாரி ஓடுமா நிற்குமா என்பதை ஒரு கேபிளும் ஒரு டிரைவர் மென்பொருளும் தீர்மானிக்கும் நிலை தொடரக் கூடாது.