பூட்டிய வீட்டுக்குள் புகுந்தவரை வெளியேற்றுவது எப்படி?

வெளியூர் போய்த் திரும்பிய உரிமையாளர், தன் வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் குடியிருப்பதைப் பார்க்கிறார். போலீஸ் வந்தால் அந்த ஆள் ஒரு வாடகை ஒப்பந்தத்தை நீட்டுகிறார். அது போலியா, அசலா என்று வாசலில் நின்று முடிவுசெய்ய முடியாத போலீசார், சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுகிறார்கள். வழக்கு முடியும்வரை சொத்துவரியும் வங்கித் தவணையும் உரிமையாளர் தலையில்தான். அமெரிக்காவின் இந்த அவலத்துக்கு முடிவுகட்டவே 2024-இல் சில மாநிலங்கள் சட்டத்தை மாற்றின.

புளோரிடாவின் சட்டம் அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர் உறுதிமொழியுடன் புகார் கொடுத்தால், பத்திரப் பதிவைச் சரிபார்த்து ஷெரீஃபே ஆளை வெளியேற்றலாம்; வழக்கு தேவையில்லை. ஆனால் இந்நாள், முன்னாள் வாடகைதாரர்கள்மீதும் நெருங்கிய குடும்பத்தினர்மீதும் இந்த வழியைப் பயன்படுத்தக் கூடாது. தவறாக வெளியேற்றப்பட்டவர் சந்தை வாடகையைப்போல் 3 மடங்கு இழப்பீடு கோரலாம். இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால், வாடகைதாரரைத் துரத்த நினைக்கும் எந்த உரிமையாளரும் ஷெரீஃபை அடியாளாக்கிவிடுவார்.

ஜார்ஜியா வேறு வழியில் போனது. புகாருக்கு உள்ளானவர் 3 வேலை நாட்களுக்குள் ஆவணம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் கைது. காட்டினால், அது செல்லுமா என்பதை 7 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கும். நியூயார்க்கோ, அத்துமீறிக் குடியேறியவர் வாடகைதாரர் ஆகமாட்டார் என்று சட்டத்தில் எழுதிவைத்தது. நியூயார்க் நகரில் 30 நாள் குடியிருந்தவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது என்ற விதி உண்டாக்கிய குழப்பமே இதற்குக் காரணம்.

நீண்டகால அனுபவத்தால் நிலத்துக்கே சொந்தக்காரராகும் பழைய உரிமையை இதோடு பலர் போட்டுக் குழப்புகிறார்கள். அதற்கு ஆண்டுக்கணக்கான அனுபவம் வேண்டும்: கலிபோர்னியாவில் சொத்துவரியும் கட்டி 5 ஆண்டுகள், புளோரிடாவில் 7, நியூயார்க்கில் 10. சில வாரங்கள் தங்கியவருக்கு அந்த உரிமை கிடையாது.

உழைத்து வாங்கிய வீட்டை மீட்க ஒருவர் மாதக்கணக்கில் அலைவது அநீதி. உண்மையான வாடகைதாரரை ஒரே புகாரில் தெருவில் நிறுத்துவதும் அநீதி. இரண்டையும் தடுக்க, விரைவான விசாரணையை வைத்த ஜார்ஜியாவின் வழியே மற்ற மாநிலங்கள் பின்பற்றத் தக்கது.