பாலம் ஏறினால் நிற்கும் வைப்பர்: பழைய கார்க்காரருக்கு உள்ள கடமையும் உரிமையும்

மழை கொட்டும் ஐப்பசி மாலையில், 1950களின் ஃபோர்டு பிரிஃபெக்ட் ஒன்று தி.நகரிலிருந்து கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் ஒழுங்காக ஆடிய வைப்பர், ஏற்றத்துக்காக ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தளர்ந்து கண்ணாடியின் நடுவில் நின்றுவிடும். உச்சி தாண்டிக் காலை எடுத்தால் படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். அந்த வைப்பரின் மோட்டாருக்கு மின்சாரமே கிடையாது. இன்ஜின் காற்றை இழுக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம், ஒரு ரப்பர் குழாய் வழியாக அதை இயக்குகிறது. ஐட்லிங்கில் அந்த இழுவை பாதரச அளவில் 18 முதல் 20 அங்குலம் வரை இருக்கும். முழுதாக மிதித்தால் பூஜ்யத்தை நெருங்கிவிடும். அமெரிக்காவின் பஃபலோ நகரத்து டிரைக்கோ நிறுவனம் பரப்பிய முறை இது. இங்கிலாந்து ஃபோர்டு ஆங்கிலியா 1959இல் வந்த மாடலில்தான் மின்மோட்டாருக்கு மாறியது; சில அமெரிக்க கார்களில் 1970களின் தொடக்கம் வரைகூட வெற்றிட முறை நீடித்தது. ஆகவே ஏற்றத்தில் தளர்வது அந்த அமைப்பின் குணம். ஐட்லிங்கிலேயே ஆடாமல் கிடப்பது பழுது. 'பழைய வண்டின்னா அப்படித்தான் சார்' என்ற ஒரே வாக்கியம் இரண்டையும் சேர்த்து மூடிவிடுகிறது. உரிமையாளர் பணத்தையும் பாதுகாப்பையும் இழப்பது அந்த இடத்தில்தான்.

பழுது பெரும்பாலும் சின்னது. மோட்டாரின் அரைவட்ட அறைக்குள் ஒரு தகடு இப்படியும் அப்படியும் ஆடும். அதன் விளிம்பில் தோல் பட்டை இருக்கும். வருடக்கணக்கில் ஓடாமல் நின்றால் தோல் காய்ந்து சுருங்கி, காற்று கசியும். தோலைப் பதப்படுத்தும் எண்ணெயில் ஊறவைத்தால் பல மோட்டார்கள் உயிர்பெறும். பெட்ரோலியத் துருநீக்கி அடித்தால் தோல் இன்னும் கெடும். அடுத்த சந்தேகம் குழாய்மேல். வெற்றிடத்துக்கென்று தடித்த சுவருள்ள குழாய் வேண்டும். கைக்குக் கிடைத்த மெல்லிய குழாயை மாட்டினால் உள்ளிழுத்துச் சப்பிப்போகும். இதையெல்லாம் பார்க்காமல் செய்யப்படும் குறுக்குவழி ஒன்று உண்டு: குழாயைப் பிடுங்கி, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைப்பது. கசியும் மோட்டார் வழியே மேனிஃபோல்டுக்குள் வேண்டாத காற்று புகுந்து ஐட்லிங் தடுமாறியிருக்கும். அடைத்ததும் இன்ஜின் சீராகிவிடும். உரிமையாளரோ கார்புரேட்டர் டியூனிங் என்று பில் கட்டிவிட்டு, வைப்பர் இல்லாத காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவார். பானெட்டைத் திறந்து அந்தக் குழாயைக் கையால் தடவிப் பார்க்க யாருக்கும் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101ஆவது விதி, முன்கண்ணாடி உள்ள வண்டியில் விசையால் இயங்கும் திறனுள்ள வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது. விசை மின்சாரமாகத்தான் இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஆகவே நன்றாக வேலை செய்யும் வெற்றிட மோட்டாரை வைத்திருப்பதில் தவறில்லை, போல்ட் அடைத்த மோட்டாரை வைத்திருப்பதில்தான் தவறு. தெரிந்தே குறைபாட்டுடன் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவில் 1,500 ரூபாய் அபராதம். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து ஒருவர் காயப்பட்டால் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். வண்டியைத் திறம்பட இயங்கும் நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியின் வழக்கமான நிபந்தனை. சொந்தச் சேதத்துக்கு க்ளெய்ம் கேட்கும்போது நிறுவனம் அதைத்தான் முதலில் புரட்டும். 'ஞாயிற்றுக்கிழமை காலையில் மெரினா வரை போய்வரும் காருக்கு இதெல்லாம் எதற்கு' என்று கேட்பவர்கள் உண்டு. வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைப் பார்த்து அந்த விதி விலக்குத் தருவதில்லை. சென்னையின் மழையும் கிழமை பார்ப்பதில்லை. மயிலாப்பூர் மாடவீதியில் கண்ணாடி மறைந்த கார் நுழைந்தால் ஆபத்து ஓட்டுபவருக்கு மட்டும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மின்மோட்டாருக்கு மாற்றிவிடலாமே என்றால், ஒரிஜினல் போய்விடும், சட்டப்படியும் சிக்கல் வரும் என்ற அச்சம் எழுகிறது. 2021 ஜூலையில் வெளியான விண்டேஜ் வாகன விதிகள், 50 வயதைக் கடந்த சொந்த உபயோக வண்டிகளை உரிய வடிவத்தில் காக்கச் சொல்கின்றன. அவை பெயர் சொல்லித் தடுப்பது சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களை. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில், வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைக் கண்டிப்பாகப் படித்ததும் உண்மை. ஆனால் அந்தப் பிரிவின் அளவுகோல் ஆர்.சி.யில் பதிவான விவரம். வைப்பர் மோட்டார் அதில் வருவதில்லை. எனவே பழைய துளைகளிலேயே பொருத்தி, நாளை கழற்றினால் பழையபடி ஆகக்கூடிய மாற்றம் என்றால் அஞ்சத் தேவையில்லை என்பது என் கருத்து. மேனிஃபோல்டைத் துளைப்பதும், டேஷ்போர்டின் தகரத்தை வெட்டுவதும் வேறு கதை. இன்னொரு எச்சரிக்கை: அக்காலத்துக் கார்கள் பலவற்றில் 6 வோல்ட் பேட்டரி, சிலவற்றில் பாசிட்டிவ் எர்த். பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கிடைத்த 12 வோல்ட் மோட்டாரை அதில் இணைத்தால் வைப்பர் தள்ளாடும். ஃபியூஸ் போடாமல், துணி சுற்றிய பழைய ஒயரில் இணைத்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

எப்படிச் செய்தாலும் கழற்றிய மோட்டார் உங்களுடையது. ஒரிஜினல் டிரைக்கோவுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு உண்டு. 'அது ஸ்கிராப் சார், போட்டுட்டோம்' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. பழுதுக்கு ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப்போலக் கவனமாக வைத்திருப்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி ஒர்க்‌ஷாப்பின் கடமை. அதே சட்டத்தின் 170ஆவது பிரிவு, கூலி வரும்வரை அந்தப் பொருளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் உரிமையை மெக்கானிக்குக் கொடுக்கிறது. வேலை முடிந்த பிறகு கூலி தராமல் சண்டை போட்டு மோட்டாரை எடுத்துவர நினைப்பவர் இதை மறக்கக் கூடாது. மோட்டாரின் எண்ணையும் நிலையையும் எழுதிய ஜாப் கார்டு, ஒப்படைக்கும்போது எடுத்த போட்டோ, பில் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தரலாம், செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

வெற்றிட மோட்டாரைத் திறந்து மூடத் தெரிந்தவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களிடம் பில்லும் ஜாப் கார்டும் கேட்டால் வேலையே எடுக்க மாட்டார்கள் என்பார்கள். கவலை நியாயமானது. ஆனால் கறாரைக் கண்டு மட்டும் அவர்கள் ஒதுங்குவதில்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்த வேலைக்கு 'ஒரு வைப்பருக்கா இவ்வளவு' என்று பேரம் பேசும் கார்க்காரர்களும் ஒரு காரணம். இந்த மோட்டாரின் வார்ப்பு உலோகம் எளிதில் விரிசல் விடும். ஏற்கெனவே இருந்த விரிசல் ஜாப் கார்டில் எழுதப்பட்டிருந்தால் பழி மெக்கானிக் தலையில் விழாது. கூலியை முன்கூட்டியே பேசி, அதையும் அதே தாளில் எழுதுங்கள். வண்டியை எடுக்கும்போது ஷெட்டிலேயே கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி ஐட்லிங்கில் ஒரு முறை, பிறகு ஏதாவது ஒரு பாலத்தில் ஏற்றி ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தோல் ஊற, குழாய் தேட, பேசி முடிக்க நேரமாகும் என்பதால் ஆகஸ்டிலேயே பானெட்டைத் திறப்பது நல்லது.