வரிக்குதிரைக்கு வரி எதற்கு?

வரிக்குதிரையை நேரில் பார்க்காதவர்கள் கூடப் படத்தில் பார்த்திருப்பார்கள். உடம்பு முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகக் கோடுகள்!

இந்த வரி எதற்கு? (நாம் சர்க்காருக்குக் கட்டும் வரி அல்ல, குதிரையின் வரி!)

நூறு ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் கேட்டு வந்த கேள்வி இது. அந்தி நேரத்தில் தண்ணீர் குடிக்க வரும்போது, வரியால் உருவம் மங்கலாகத் தெரியும் என்றார் வாலஸ். டார்வின் அதை ஒப்பவில்லை. வெட்டவெளிப் புல்தரையில் கோடு எப்படி மறைக்கும் என்பது அவருடைய எண்ணம்.

சிங்கத்தை ஏமாற்றுமா?

ஏமாற்றாது. பகலில் கூட 50 மீட்டருக்கு அப்பால் இருந்தால், சிங்கத்தின் கண்ணுக்கு அந்தக் கோடுகள் தெரியாது. இது 2016-ல் கணக்கிட்டுச் சொல்லப்பட்டது. அதைவிடக் கிட்டே வந்துவிட்டால் மோப்பமே போதுமே!

அப்படியானால் வரி யாருக்காக? ஈக்காக!

சிரிக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் 'செட்சி' என்று ஒரு ஈ இருக்கிறது. அது ரத்தம் குடிக்கும்; குடிக்கும்போதே நோயையும் ஏற்றிவிடும். அந்த நோய் கண்ட குதிரையும் மாடும் இளைத்துத் துரும்பாகிச் செத்துப் போகும். குதிரை ஈ என்ற பெரிய ஈயும் அங்கே உண்டு. வரிக்குதிரையின் மயிரோ மிகவும் குட்டை. ஈ சுலபமாகக் கடித்துவிடலாம்.

போர்வை போட்ட குதிரைகள்

2019-ல் இங்கிலாந்தில் ஒரு குதிரை லாயத்தில் சோதனை செய்தார்கள். சாதாரணக் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரி என்று மூன்று விதப் போர்வைகளைப் போர்த்தினார்கள். வரிப் போர்வையில் மிகக் குறைவான ஈக்களே உட்கார்ந்தன. போர்வை மூடாத தலையில் மட்டும் எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே அளவு ஈ!

அதே ஆராய்ச்சியில் வரிக்குதிரைகளையும் படம் பிடித்தார்கள். ஈ தூரத்திலிருந்து நேராகத்தான் வருகிறது. உட்காரும் முன் வேகத்தைக் குறைக்க வேண்டும் அல்லவா? வரியைக் கண்டு தடுமாறி, வேகத்தைக் குறைக்காமல் மோதிக் கொள்கிறது. அல்லது தாண்டிப் போய்விடுகிறது.

வரிக்குதிரை ஈக்குப் பயந்து வரியை வரைந்து கொள்ளவில்லை. ஆதியில் சில குட்டிகள் கொஞ்சம் கோட்டுடன் பிறந்திருக்கும். அவற்றை ஈ குறைவாகக் கடித்தது. அவை பிழைத்துக் குட்டி போட்டன. கோடில்லாதவை நோயில் மாண்டன. பல்லாயிரம் தலைமுறை இப்படியே நடந்ததில் வரி இனத்துக்கே உரியதாகிவிட்டது.

மாட்டுக்கும் பூசினார்கள்

ஜப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வெள்ளைச் சாயத்தால் கோடு போட்டுப் பார்த்தார்கள். இதுவும் 2019-ல்தான். கோடு போடாத மாட்டின் மேல் உட்கார்ந்த ஈக்களில் பாதிக்கும் குறைவாகவே, கோடு போட்ட மாட்டின் மேல் உட்கார்ந்தன. மாடு வாலை வீசுவதும் தலையை ஆட்டுவதும் கூடக் குறைந்தது. பூச்சி மருந்து தெளிக்கும் செலவு மிச்சமாகலாம். ஒரே தொல்லை, சாயம் சில நாளில் அழிந்து போகும். மறுபடி பூச வேண்டும்.