குரலுக்கு முன்னே வரும் குரல்

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அறுபதுகளில் வானொலி நிகழ்ச்சிகளை அவருடைய அப்பா வீட்டிலேயே பதிந்துவைத்த ரீல் டேப்புகள் அலமாரியில் கிடைத்தனவாம். சில பெட்டிகளைத் திறந்தால் வினிகர் நெடி. நெடியில்லாத ஒன்றை ஓட்டிப் பார்த்தால், பாட்டு தொடங்குமுன்பே அதே பாட்டு மெலிதாகக் கேட்கிறதாம்.

எனக்கு மிகவும் பிடித்த விந்தை அது. டேப்பில் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்களில் ஒலி காந்தமாகத் தங்குகிறது. சுற்றிவைத்த டேப்பில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றிலும் ஏறும். ஈரச் சேலையை மடித்துவைத்தால் கரையின் சாயம் அடுத்த மடிப்பில் ஒட்டுமே, அப்படி. வெளிப்பக்கச் சுற்றில்தான் அதிகம் ஏறும். பாட்டின் தொடக்கம் வெளியே இருக்கச் சுற்றினால், அப்படி ஒட்டிய ஒலியின் நிழல் முந்திக்கொண்டு ஒலிக்கும். ஆகவேதான் ஆவணக் காப்பகங்களில் கடைசிப் பகுதி வெளியே இருக்கும்படி சுற்றிவைப்பார்கள். அப்போது நிழல் பின்னால் போய்க் குரலுக்குள்ளேயே அமுங்கிவிடும். சூடு கூடினால் இந்த ஒட்டலும் கூடும்.

வினிகர் நெடிதான் ஆபத்து. அந்த டேப்புகள் செல்லுலோஸ் அசிடேட்டில் செய்தவை. வெப்பத்திலும் ஈரத்திலும் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் சிதைவை இன்னும் விரட்டும், பக்கத்து டேப்பையும் தொற்றும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் குறைவா?

வீட்டுப் பதிவுதானே என்று தள்ளிவிடாதீர்கள். ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. 1963-இல் ரேடியோ மலேசியா ஆனது. அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம். உலகெங்கும் பல நிலையங்கள் பழையதை அழித்து அதன் மேலேயே பதிந்தன. அப்படித்தான் பிபிசி 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் பல பகுதிகளை இழந்தது. ஆனால் இழந்த எல்லாப் பகுதிகளின் ஒலியும் இன்று இருக்கிறது, ரசிகர்கள் வீட்டில் பதிந்திருந்ததால்.

இங்கே கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபங்களில் மறைந்த கலைஞர்களுக்கு நூற்றாண்டு விழா எடுக்கிறோம். மாலை, பொன்னாடை, மலர் எல்லாம் உண்டு. அவர்களுடைய குரலை ஐந்து நிமிடம் ஒலிக்கவிடுவதில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

நெடியடிக்கும் டேப்பை வீட்டு மெஷினில் ஓட்டாதீர்கள்; சுருங்கி முறுகியிருக்கும், பட்டென்று அறும். மற்றவற்றிலிருந்து பிரித்துவையுங்கள். பெட்டிமேல் அப்பா எழுதிய தேதியையும் பெயர்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டலாக மாற்றியதும், அந்த நாள் வானொலியைக் கேட்டு வளர்ந்த மூத்தவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். எந்தக் குரல் யாருடையது என்று சொல்ல அவர்களால்தான் முடியும்.