அம்புக்கோலின் வளைவு

வில்வித்தை என்றவுடன் நம் எண்ணம் வில்லின்மீதே சென்று நிற்கிறது. காவியங்களில் பெயர் பெற்றது வில்; நாண் ஒலிக்கு அஞ்சியவர் பலர் என்று கேட்டிருக்கிறோம். அம்போ எய்தவுடன் மறக்கப்படுகிறது. ஆயினும் இத்தொழிலில் கைதேர்ந்தவர்கள் வேறு விதமாகக் கூறுவார்கள். எளிய வில்லும் நல்ல அம்பு இருந்தால் குறி தவறாது. உயர்ந்த வில்லாயினும் பொருந்தாத அம்பை நேரே செலுத்தாது. ஆகவே மரத்தாலும் மூங்கிலாலும் ஆன அம்பு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு வில்லுக்கு இசைவாக்கப்படுகிறது என்பதை இன்று காண்போம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்புக் கருவிகள் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அலெக்ஸாந்தர் ரீ நடத்திய அகழ்வாய்வில் வெளிவந்தவை அவை. இத்தகைய பழம் புதைகுழிகளிலிருந்து இரும்பு முனைதான் நம் கைக்கு வருகிறது. அதனைத் தாங்கிய கோல் மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் சென்றதாகப் புறநானூறு புகழ்கிறது. புலவரின் மிகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அவ்வளவு விசையைத் தாங்கிய கோல் எத்தகையதாய் இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. நம் புகழுரைகளில் அந்தக் கோலைச் செதுக்கியவனுக்கு இடமில்லை.

கோலின் முதல் இலக்கணம் நார் ஓட்டம். இதனை அறிய வடசென்னை நேயர்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. திருவொற்றியூரில் தீப்பெட்டி செய்த விம்கோ தொழிற்சாலையை அறியாதவர் அங்கே இல்லை; 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் பாதையின் நிலையமும் விம்கோ நகர் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. தீக்குச்சி செய்வதற்கு, மரத்துண்டை மெல்லிய ஏடாக உரித்து, அந்த ஏட்டை நாரின் போக்கிலேயே குச்சிகளாக நறுக்குவார்கள். மரக் குச்சிகள் இரண்டை எடுத்து, தலையைப் பற்றாமல் மெல்ல முறித்துப் பாருங்கள். நார் நீளவாட்டில் ஓடும் குச்சி எளிதில் பிரியாமல், சிலும்புகள் நீள நீளமாக எழுந்து முறியும். நார் குறுக்கே சாய்ந்து ஓடும் குச்சியோ அந்தச் சாய்விலேயே சட்டென்று துண்டாகும். அம்புக்கோலிலும் இதுவே விதி. வேறுபாடு ஒன்றுதான்: தீக்குச்சி முறிந்தால் இன்னொன்றை எடுக்கிறோம். நாண் விடுபடும் கணத்தில் கோல் முறிந்தாலோ, பின்பாதி வில்லைப் பிடித்த கையில் பாய்ந்துவிடும். அனுபவசாலிகள் நார் ஓட்டத்தைப் பற்றி இத்தனை கண்டிப்பாயிருப்பதன் காரணம் இதுவே.

ஆகையால் பழைய முறையில் கோலை வாளால் அறுப்பதில்லை. மரத்தை ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். பிளவு நாரைப் பின்பற்றியே செல்லும். வாள் தன் இஷ்டப்படி நாரைக் குறுக்கே வெட்டிவிடும். பிளந்த சதுரத் துண்டை எண்கோணமாக்கி, பிறகு உருண்டையாக இழைப்பது வழக்கம். மேல்நாட்டார் ஸ்காட்ஸ் பைன், சிட்கா ஸ்ப்ரூஸ், அமெரிக்க ஆரிகன் பகுதியின் போர்ட் ஆர்ஃபர்ட் சீடர் ஆகியவற்றை விரும்புகின்றனர். எடை குறைவும் நேரான நாரும் அம்மரங்களின் சிறப்பு.

நம் நாட்டில் மூங்கிலே முதன்மை. வயநாட்டுக் குறிச்சியர் வில்லும் அம்புமாகப் பழசிராஜாவின் பக்கம் நின்று 1802இல் பனமரம் கோட்டையைத் தாக்கிய வரலாறு நமக்கு அண்டை நாட்டுச் செய்தி. ஷில்லாங்கில் காசி மக்கள் இன்றும் அம்பெய்தல் நடத்துகின்றனர். தேசிய அளவிலான வில்வித்தைப் போட்டிகளில் 'இந்தியச் சுற்று' என்று தனிப் பிரிவே உண்டு. மூங்கில் வில்லும் மர அம்பும் கொண்டு 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் எய்ய வேண்டும். உலோகமும் கார்பன் இழையும் விலை கொடுத்து வாங்க இயலாத பிள்ளைகள் வில்வித்தைக்குள் நுழையும் வாசல் இது. 1988, 1992, 1996 ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்ட ராஜஸ்தானத்து லிம்பா ராமும் சிறுவயதில் மூங்கில் வில்லோடு பழகியவர்தாம்.

மூங்கிலின் வலிமை அதன் வெளித்தோலை ஒட்டிய நாரில் உள்ளது. எனவே அழகுக்காகத் தோலைச் சுரண்டுவது அறியாமை. கணுக்களை மட்டும் மெதுவாகத் தேய்த்து, நிழலில் நன்கு உலர்த்தி, கோணலான இடத்தைத் தணலில் வாட்டி, சூடு ஆறும்வரை நேராகப் பிடித்திருப்பார்கள்.

இனி சற்றுக் கடினமான பகுதிக்கு வருகிறோம். நேரான கோல் என்பது வேறு, நேரே செல்லும் கோல் என்பது வேறு. அம்பு வில்லின் பிடிக்குப் பக்கவாட்டில் கிடக்கிறது. நாணோ அதனைப் பிடியின் நடுவை நோக்கித் தள்ளுகிறது. அப்படியானால் அம்பு பிடியில் மோதி விலகவேண்டுமன்றோ? மோதுவதில்லை. நாண் தள்ளும் வேகத்தில் கோல் வளைந்து, பிடியைச் சுற்றிப் பாம்புபோல் நெளிந்து, அப்பால் சென்றபின் நிமிர்ந்து செல்கிறது. அமெரிக்க அறிஞர் கிளாரென்ஸ் ஹிக்மன் 1930களில் அதிவேகப் படக்கருவியால் இதனைப் படம்பிடித்துக் காட்டினார். வளையவேண்டிய அளவுக்கு வளைவதே அம்பின் நேர்மை என்றால் விந்தையாயிருக்கிறது; ஆனால் உண்மை அதுதான்.

இந்த வளைவை அளக்க இரண்டு ஆணிகளும் ஓர் எடைக்கல்லும் போதும். ஆணிகளை 26 அங்குல இடைவெளியில் அமைத்து, கோலை அவற்றின்மேல் கிடத்தி, நடுவில் இரண்டு பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம், எடையைத் தொங்கவிடவேண்டும். கோல் எத்தனை அங்குலம் தாழ்ந்ததோ அந்த எண்ணால் 26ஐ வகுத்தால் விறைப்பு கிடைக்கும். அரை அங்குலம் தாழ்ந்தால் 52; ஏறக்குறைய ஐம்பது பவுண்டு இழுவிசையுள்ள வில்லுக்கு அது பொருந்தும். தேய்க்கும்போது எச்சரிக்கை வேண்டும். உருண்டைக் கோலின் பருமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. தேய்த்ததை மீட்க வழியில்லை.

அளவுக்குப் பிறகு சோதனை. இறகு கட்டாத அம்பொன்றை அருகிலிருந்து மென்மையான இலக்கில் எய்து பார்ப்பார்கள். இறகு பிழையை மறைத்துவிடும். இறகற்ற கோலோ உள்ளதை உள்ளபடி சொல்லும். அம்பை வில்லின் இடப்பக்கம் வைத்து எய்யும் வலக்கையர் கோலின் வால் இடப்புறம் சாய்ந்து நிற்கக் கண்டால் கோல் தளர்வு. வலப்புறம் சாய்ந்தால் விறைப்பு மிகுதி. கட்டைவிரலால் நாணை இழுத்து அம்பை வலப்பக்கம் வைப்பவர் இதனை மாற்றிக்கொள்ளவேண்டும். விறைத்த கோலுக்குக் கனமான முனை மாட்டலாம், அல்லது சிறிது சிறிதாகத் தேய்க்கலாம். தளர்ந்த கோலுக்கு முனையின் கனத்தைக் குறைக்கலாம். இழுக்கும் அளவுக்கு மேல் நீளமிருந்தால் சிறிது வெட்டலாம். ஆனால் மிக விறைத்த அம்பு பிடியில் இடித்துத் திரும்பி, தளர்ந்ததுபோல் பொய்ச்சாட்சி சொல்வதுமுண்டு. ஒரே எய்தலைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது.

இறகுகள் மூன்றும் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வரவேண்டும். இடச்சிறகையும் வலச்சிறகையும் கலந்தால் ஒன்றின் சுழற்சியை மற்றொன்று கெடுக்கும். நாண் பொருந்தும் பிளவை ஆண்டு வளையங்களுக்குக் குறுக்காக வெட்டுவார்கள். வளையங்களின் போக்கிலேயே வெட்டினால் நாணே கோலைப் பிளந்துவிடும். ஒரு தூணியிலுள்ள அம்புகள் தமக்குள் எடையில் ஒரு கிராமுக்கு மேல் வேறுபடாதிருப்பது நலம்.

காசிமேடு, எண்ணூர் போன்ற கடற்கரையில் இருப்போர்க்கு ஈரக்காற்றும் ஒரு பகைவன். ஈரம் ஏறிய மரம் தளரும், வளைந்தும் போகும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு இரண்டு மூன்று பூச்சு, முக்கியமாகப் பிளவிலும் முனை மாட்டும் இடத்திலும், அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எல்லாக் கோல்களையும் ஒருமுறை உருட்டிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறை எய்யுமுன்னும் கோலைக் காதருகே பிடித்து மெல்ல வளைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட வேண்டும். நெரிகிற ஒலி சிறிதேனும் கேட்டால் அக்கோலை அங்கேயே முறித்து எறிந்துவிடுவார்கள். தனியே எடுத்து வைத்தால் நாளை வேறொருவர் அறியாமல் அதனை நாணில் பூட்டிவிடக்கூடும்.